மலைத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. எதற்கு?

கேள்வி: கோத்தகிரி வாசகர், 12 அக்டோபர் 2025

அடுத்த ஆண்டு தேர்தல். எங்கள் ஹட்டியில் (படகர் ஊரை ஹட்டி என்போம்) இப்போதே யாருக்கு சீட் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு கேள்வி. பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 75 காசு வேண்டும் என்று 2023இல் உண்ணாவிரதம் இருந்தோம். தேயிலை வாரியம் மத்திய அரசினுடையது, எம்.எல்.ஏ. என்ன செய்வார்? சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் முறை உயர் நீதிமன்ற உத்தரவு. காட்டோரத்தில் சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும். ஊட்டியில் போட்டோ பிலிம் செய்த எச்.பி.எஃப். ஆலையை மூடியது டில்லி. கல்யாண வீட்டில் மொய் எழுதுவதும் சாவு வீட்டில் மாலை வைப்பதும் தவிர மலைத் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு வேலையே இல்லை என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

12 அக்டோபர், இரவு

மறுக்கிறேன். நான் கூடலூர்ப் பக்கத்துக்காரன். இருபத்தெட்டு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைத்தவன்.

மொய்யும் மாலையும் வீண் வேலை என்பதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் வேலையே இல்லை என்கிறீர்களே, அதை ஏற்க முடியாது. சட்டம் செய்வது அவர்கள்தான். 1969இல் சென்னைக் கோட்டையில் கூடலூர் ஜன்மம் நிலங்கள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஜன்மம் என்றால் பரம்பரை நில உடைமை. அதுவரை கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பெயரில் இருந்த ஏறத்தாழ 80,000 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தில் 8, 9, 10 ஆகிய பிரிவுகளுக்குள் வந்தவர்களுக்குப் பட்டாவுக்கு வழி உண்டு. குத்தகைக்கு விடப்பட்டிருந்த தோட்ட நிலங்கள் 17ஆம் பிரிவில் போய் விழுந்தன. குத்தகையைத் தொடர்வதா முறிப்பதா என்று அரசு முடிவு செய்யும் என்கிறது அந்தப் பிரிவு. முடிவு செய்வதற்குள் இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்து கிழடாகிவிட்டது.

எங்கள் அம்மாவிடம் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் "செக்‌ஷன் பதினேழு" என்பார். அவருக்கு அது ஊர்ப் பெயர். சட்டமன்றத்தில் எழுதப்பட்ட ஓர் எண் ஒரு கிழவிக்கு முகவரியாகிவிட்டது. அந்த மன்றத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேலை இல்லை என்று எப்படி ஒப்புக்கொள்வேன்?

13 அக்டோபர்

ஒரு திருத்தம். சட்டம் நிறைவேறியது 1969. நடைமுறைக்கு வந்தது 1974. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட்டேன். இடையில் வழக்குகள். பிறகு அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். நீதிமன்றம் கை வைக்காமல் சட்டங்களைக் காக்க ஏற்பட்ட பட்டியல் அது. அப்படிச் சேர்த்தது செல்லுமா என்ற வழக்குதான் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போய், 2007 ஜனவரியில் தீர்ப்பானது. கோயல்ஹோ வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் ஆராயலாம் என்பது அதன் சாரம்.

காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்று 1996 டிசம்பரில் நாடு முழுவதற்கும் உத்தரவு வந்ததே, அந்தக் கோதவர்மன் வழக்கும் எங்கள் கூடலூர் மரங்களால் எழுந்ததுதான். இரண்டு பெரிய தீர்ப்புகளைப் பெற்ற ஊரில் ஒரு சிறிய பட்டாவுக்கு வழியில்லை. எழுதும்போதே நெஞ்சு எரிகிறது.

15 அக்டோபர்

"அப்படியானால் 1969இல் இருந்தவர்களைத்தானே திட்ட வேண்டும், இன்றைய எம்.எல்.ஏ. என்ன செய்வார்" என்று பந்தலூர்த் தங்கை கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. யோசித்துப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எம்.எல்.ஏ.வுக்கு என்று நான் எழுதிய மனுக்களில் பெரும்பாலானவை எம்.எல்.ஏ.வுக்கு உரியவையே அல்ல. முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கல், யானை மிதித்த வாழைக்கு இழப்பீடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேசை இருக்கிறது. அந்த மேசை பதில் சொல்லாதபோதுதான் ஜனங்கள் அவரிடம் போகிறார்கள். அவர் தன் பெயர் அச்சிட்ட தாளில் இரண்டு வரி பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளோடு போனால் அதே மேசை கொஞ்சம் அசையும். நான் எழுதிய நான்கு பக்க மனு அசைக்காததை அவருடைய இரண்டு வரி அசைத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்தில் இருக்கிற நியாயத்தைப் பார்க்காமல் மேலே இருக்கிற முத்திரையைப் பார்ப்பது என்ன நிர்வாகம்?

18 அக்டோபர்

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றிக் கேட்டவருக்கு. ஆண்டுக்கு 2 கோடி ரூபாய். நிழற்குடை, சமுதாயக் கூடம், பள்ளிச் சுவர், சிமெண்டுச் சாலை. உறுப்பினர் பணியைப் பரிந்துரைப்பார். செலவு செய்வது மாவட்ட நிர்வாகம். பணம் அவர் கைக்கு வருவதில்லை. இதைத் தெரியாமல் "நிதியை என்ன செய்தாய்" என்று கேட்பவர்கள் அதிகம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு முடிச்சு. நிலம் 17ஆம் பிரிவில் இருந்தால் அங்கே எதையும் கட்ட அனுமதி கிடைப்பது பெரும்பாடு. ஒரு பாடியில் குடிநீர்த் தொட்டி கட்டப் பரிந்துரை வாங்கினோம். (தோட்ட லயங்களைக் கூடலூர்ப் பக்கம் பாடி என்போம்.) உறுப்பினர் மறுக்கவில்லை. நிதி இருந்தது. இடத்துக்குத் தடையின்மைச் சான்று வரவில்லை. நிதியாண்டு முடிந்தது. பெண்கள் பழையபடி ஓடையில் குடம் வைத்தார்கள்.

19 அக்டோபர்

தொகையைத் தவறாக எழுதிவிட்டேன் என்று சுட்டிக் காட்டியவருக்கு நன்றி. 2 கோடி என்பது பழைய கணக்கு. 2017இல் இரண்டரைக் கோடி ஆக்கினார்கள்; இப்போது 3 கோடி. அதே 2017இல்தான் உறுப்பினர்களின் மாதச் சம்பளமும் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது.

சம்பளம் அதிகம் என்று சிலர் கொதிக்கிறார்கள். எனக்கு அதில் கோபமில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கூடலூரிலிருந்து கூட்டத்தொடருக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். நடுவட்டம் ஏறி ஊட்டி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலை சென்னை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. சமவெளி உறுப்பினர் பேரவை முடிந்து இரவே ஊர் திரும்பலாம். மலையில் இருப்பவர் போனால் போனதுதான்.

23 அக்டோபர்

இங்கே இளைஞர்கள் பலர் அரி கவுடர் யார் என்று கேட்டதால் சற்று விலகிப் போகிறேன். ராவ் பகதூர் எச்.பி. அரி கவுடர், குன்னூர் அருகே உபதலைக்காரர். 1893இல் பிறந்தவர், படகர்களில் முதல் பட்டதாரி, வெள்ளைக்காரர் காலத்திலேயே சென்னைச் சட்ட மேலவையில் உட்கார்ந்தவர். அவருடைய தந்தை பெள்ளி கவுடர் மலை ரயில் பாதை வேலையில் ஒப்பந்தக்காரர். 1899இல் குன்னூரோடு நின்றிருந்த ரயில் 1908இல்தான் ஊட்டியைத் தொட்டது.

எனக்கு அரி கவுடரிடம் பிடித்தது பட்டமோ பதவியோ இல்லை. 1935இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம். உருளைக்கிழங்கு விளைவிக்கிறவன் மலையில். விலை சொல்கிறவன் மேட்டுப்பாளையம் மண்டியில். நடுவில் கமிஷன்காரன். அந்த இடைவெளியில் விவசாயிகளுக்கென்றே ஒரு சங்கம் நிற்க வேண்டும் என்று உழைத்து, நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தார். மன்றத்தில் பேசுவது ஒரு கை, ஊரில் ஓர் அமைப்பை நிறுத்துவது மறு கை. இரண்டு கையும் உள்ள உறுப்பினர் அபூர்வம்.

கோத்தகிரி நண்பரே, உங்கள் பசுந்தேயிலைக்கு வருகிறேன். தேயிலை வாரியம் டில்லியுடையது, சரி. ஆனால் இன்ட்கோசர்வ் யாருடையது? 1965இல் தொடங்கிய கூட்டுறவு இணையம், 16 ஆலைகள், மாநில அரசின் கையில் இருப்பது. உங்கள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு 2023இல் கிலோவுக்கு 2 ரூபாய் மானியம் என்று அறிவித்தது மாநில அரசுதானே? அந்த ஆலைகளின் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது, தூளின் தரம் ஏன் ஏறவில்லை, இலை போட்டவருக்கு எத்தனை நாளில் பணம் என்று கேட்க எம்.எல்.ஏ.வுக்கு முழு உரிமை உண்டு. நாம் கேட்கச் சொன்னோமா?

30 அக்டோபர்

இன்று அக்டோபர் 30. 1964இல் இதே நாளில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களான எங்களைப் பிரித்தார்கள். மீதியிருந்த 1,50,000 பேரைப் பிறகு 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கு உறுப்பினர் இல்லை; 1948இல் இலங்கையில் குடியுரிமை போய், அடுத்து ஓட்டும் போய்விட்டது.

தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தபோது நான் சிறுவன். மண்டபம் முகாம், பிறகு மலை. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டமான டான்டீ வளர்ந்தது. அப்பா கொழுந்துக் கணக்கு எழுதினார். அவருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிய அன்று வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு பட்டியல் ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய், பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். என்னையும் தொடச் சொன்னார்.

எம்.எல்.ஏ. எதற்கு என்ற கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது அதனால்தான். கோபப்பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2 நவம்பர்

பெண் உறுப்பினர்கள் பற்றிய பேச்சில் அக்கம்மா தேவி நம் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்று பந்தலூர்த் தங்கைக்குத் தனிக் குறிப்பில் எழுதியிருந்தேன். தவறு. அவர் நாடாளுமன்ற உறுப்பினர். 1962 முதல் 1967 வரை நீலகிரித் தொகுதி எம்.பி.; படகப் பெண்களில் முதல் பட்டதாரி. சட்டமன்றத்துக்கு வந்தால், குன்னூரில் 2016இல் சாந்தி ராமு வென்றார். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள் என்ற மாவட்டத்தில் விரல் மடக்கி எண்ணுவதற்குக்கூட ஆள் இல்லை.

5 நவம்பர்

முதல் குறிப்பில் சாவு வீட்டுக்கு வருவது வீண் வேலை என்று ஒப்புக்கொண்டேன் அல்லவா? இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் அதையே யோசித்தேன். திரும்பப் பெறுகிறேன்.

எங்கள் பாடியில் ஒரு பாட்டி இறந்தார். ஆண்டு எழுதவில்லை, உறுப்பினரின் கட்சியும் எழுதவில்லை. அவர் மாலையோடு வந்தார். மழை. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றுதான். அவரை உட்கார வைத்த பலகை ஆடியது. மாலை போட்டுவிட்டு எழுந்தவர், "விளக்கைக் கொஞ்சம் கூடுதலாகப் போடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். மின்சாரம் இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. கீழே சாலையில் கம்பி போவதைப் பார்த்தவர், வீடுகளுக்கும் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அழுதுகொண்டிருந்த கிழவிகள் அழுகையை நிறுத்தினார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். செக்‌ஷன் பதினேழு, அதனால் கம்பம் இல்லை, அதனால் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பது கூடலூரில் சொந்தக்காரர் வீட்டில், அதனால் இரவில் யானை வாசலுக்கு வந்தாலும் தெரியாது. அவர் திரும்ப அந்த ஆடும் பலகையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து எழுதினார். என்னைக் கூப்பிட்டு எத்தனை வீடு என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். மறுநாளே மனு எழுதச் சொன்னார்.

அலுவலகத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தால் அந்தக் கிழவிகள் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். அங்கே நான்தான் பேசியிருப்பேன், மனுத் தமிழில்.

விளக்கு பல ஆண்டு கழித்துத்தான் வந்தது. அப்போது அவர் பதவியில் இல்லை. சுவிட்சைப் போட வேறு யாரோ வந்தார்கள். முன்னாள் உறுப்பினர் அரசு பஸ்ஸில் இலவசமாகப் போகலாம். அப்படி ஒரு நாள் அவர் ஏறி வந்ததை நான் பார்த்தேன். "அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் வந்துவிட்டதா?" என்றார். எண் அவருக்கு நினைவிருந்தது.

11 நவம்பர்

ஒருவருடைய அரசியல் வாழ்க்கை எப்படி நகர்கிறது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. தொகுதி மறுவரையறை எல்லாவற்றையும் புரட்டிப் போடும். முன்பு குன்னூர் தனித் தொகுதி. 2011 தேர்தல் முதல் கூடலூர் தனித் தொகுதி, குன்னூர் பொது. கா. ராமச்சந்திரன் 2006இல் வென்றது கூடலூரில். 2011இலும் 2021இலும் குன்னூரில். கதர் வாரியத் துறை, பிறகு 2021இல் வனத்துறை, 2022 இறுதியில் சுற்றுலாத் துறை, 2024 செப்டம்பரில் அமைச்சர் பதவி போய் அரசுத் தலைமைக் கொறடா. கூடலூரில் 2011, 2016 இரண்டு முறையும் திராவிடமணி; 2021இல் பொன். ஜெயசீலன். ஆட்சி ஒரு கட்சி, உறுப்பினர் வேறு கட்சி என்ற நிலை எங்களுக்குப் பழக்கமானது.

எந்தக் கட்சி நல்லது என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். என் அளவுகோல் ஒன்றுதான்: பேரவையில் என்ன கேட்டார்?

19 நவம்பர்

பந்தலூர்த் தங்கைக்குக் கடன்பட்ட பதில். பழைய சட்டத்தை இன்றைய உறுப்பினர் என்ன செய்வார்?

கேட்கலாம். பேரவையில் முதல் ஒரு மணி நேரம் வினாக்களுக்கு உரியது. நட்சத்திரக் குறியிட்ட வினா என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். துணை வினாவும் கேட்கலாம். குறியில்லாத வினாவுக்கு எழுத்தில் பதில். அவசரமானால் கவன ஈர்ப்புத் தீர்மானம். மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுத் தீர்மானம். "பரிசீலனையில் உள்ளது", "ஆவன செய்யப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது காற்றில் போய்விடாது. அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழு இருக்கிறது, சொன்னது நடந்ததா என்று துறையைக் கேட்கும். எல்லாம் அவைக் குறிப்பில் அச்சேறும்.

பரிந்துரைக் கடிதம் ஒரு வீட்டுக்கு உதவும். அச்சேறிய பதிலை எந்த வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்டு போய், "உங்கள் அமைச்சர் இப்படிச் சொல்லியிருக்கிறார்" என்று நிற்கலாம். மனு எழுதிப் பழகியவனுக்கு இதன் அருமை தெரியும். இருபத்தெட்டு ஆண்டும் எம்.எல்.ஏ.விடம் பரிந்துரை கேட்டே எழுதினேன். "பேரவையில் இந்த வினாவை எழுப்புங்கள்" என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. அந்த நாற்பத்தொரு வீட்டு மனுவிலும் எழுதவில்லை. அவர் நோட்டை எடுத்தபோது நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

20 நவம்பர்

கோத்தகிரி நண்பர் இன்று, "சரி, வேலை இருக்கிறது, ஆனால் நாம்தான் வாங்கவில்லை என்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். ஆம், அதைத்தான் சொல்கிறேன்.

எம்.எல்.ஏ.வையே எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரவைக்கு மனுக்கள் குழு என்று தனியாக இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வரும். வருவதற்கு முன் நாளிதழில் அறிவிப்பு வரும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், தமிழில் ஐந்து நகல், தேதியும் கையொப்பமும். தனி நபர் பட்டா, வேலை, கடன், நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கு ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள்.

ஆகவே பதினேழாம் பிரிவில் பட்டா கேட்டு எழுதினால் திரும்பிவிடும். ஓடைத் தண்ணீர் குடிக்கும் பாடிக்குக் குடிநீர் கேட்டு எழுதலாம். பசுந்தேயிலைப் பணம் தாமதமாவதைப் பற்றி எழுதலாம்.

24 நவம்பர்

பந்தலூர்த் தங்கை மூன்று பாடிகளின் வீட்டுக் கணக்கை அனுப்பியிருக்கிறார். குடிநீர் மனுவின் வாசகத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பிரதி தனியாக; அதில் பரிந்துரை கேட்கவில்லை, வினாவாகவே எழுதியிருக்கிறேன்:

"கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஜன்மம் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உள்ள நிலங்களில் வசிக்கும் குடும்பங்களில் குழாய்க் குடிநீர் பெறாதவை எத்தனை, அவற்றுக்குக் குடிநீர் வழங்கத் தடையாக உள்ளது எந்த விதி, அந்தத் தடையை நீக்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?"

மூன்று கேள்விதான். நீட்டினால் படிக்க மாட்டார்கள். ஓடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாராவது நடந்து அளந்து சொல்லுங்கள். "வெகு தூரம்" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடலூர் பஸ் நிலையத்தில் இருப்பேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் உள்ளபடியே எழுதி வாருங்கள்.